விரல் உயர அரக்கனுக்கு நிழல் போடுவது எப்படி

கடையில் வாங்கும்போது அது வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். ஒரு சட்டத்தில் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கோடரி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டியெடுத்து, ஒட்டி, சாயம் அடித்தால் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஓர் அரக்கனோ சூனியக்காரியோ எலும்புக்கூட்டு வீரனோ எழுந்து நிற்பான். இப்படி ஒரு படையைத் திரட்டி மேசையில் நிறுத்தி, அளவு நாடாவால் அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி இரண்டு பேர் மோதுவதுதான் மினியேச்சர் போர் விளையாட்டு. மோதும் இடம் மொட்டை மேசையாக இருந்தால் ஒளிய இடமில்லை, விளையாட்டும் சப்பென்று முடிந்துவிடும். அதனால் பாறை, இடிந்த கோபுரம், காடு, பாலம் எல்லாம் செய்து வைப்பார்கள். அதைக் களம் என்று வைத்துக்கொள்வோம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து இதைச் செய்தால், போகிற வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்ன தம்பி, கொலு வைக்கிறியா?” ஆமாம் என்று சொல்லிவிடுவது உத்தமம். விளக்கம் சொல்லப் போனால் டீ ஆறிவிடும்.

கதை பழசு. வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் விளையாட்டை பிரஷ்ய ராணுவம் 1824இல் ஏற்றுக்கொண்டது. நாம் இன்று பார்க்கும் மாயாஜால வகையைப் பரப்பியவர்களில் பெரிய பெயர், 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப். 1983இல் வார்ஹேமர், 1987இல் வார்ஹேமர் 40,000 என்று அவர்கள் கொண்டுவந்த விளையாட்டுகள்தான் பலருக்கு முதல் வாசல். விளையாடாமல் சாயம் மட்டும் அடிக்கிறவர்களும் ஏராளம். விளையாடுகிறவர்களுக்கோ சாயம் அடித்தால் லாபமே உண்டு. 2020இல் வந்த வார்ஹேமர் 40,000 பதிப்பில், முழுப் படைக்கும் சாயம் அடித்துக் கொண்டுவந்தால் 100 புள்ளியில் 10 புள்ளி அதற்கே என்று விதி எழுதிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவர் செய்வது இதுதான்: சட்டைக்குச் சிவப்பு, தோலுக்குப் பழுப்பு, வாளுக்கு வெள்ளி என்று கோடு தாண்டாமல் சுத்தமாக அடிப்பார். முடித்துப் பார்த்தால் பொம்மை பொம்மையாகவே இருக்கும். கை நடுங்கியதால் அப்படி ஆகவில்லை. நிழல் இல்லாததால்தான்.

இந்தப் பொம்மைகளில் பரவலான அளவு 28 மில்லிமீட்டர், ஏறக்குறைய நிஜ ஆளில் அறுபதில் ஒரு பங்கு. கை நீட்டும் தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில், அவனைப் பிடித்துப் பார்த்தால் 36 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரிவான். திடலில் அவ்வளவு தூரத்தில் நிற்கும் ஆளின் முகத்தையும் சட்டை மடிப்பையும் நமக்குப் பிரித்துக் காட்டுவது ஒரே திசையிலிருந்து அடிக்கும் வெயில். வீட்டுக்குள் அந்த வெயில் இல்லை. விளக்கு வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. அரை மில்லிமீட்டர் ஆழ மடிப்பில் அது போடும் நிழல் கண்ணில் படாது. ஆகவே வெயில் செய்ய வேண்டிய வேலையை நாம் சாயத்தால் செய்கிறோம்: பள்ளத்தில் இருட்டு, மேட்டில் வெளிச்சம்.

நம் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகத்துக்கு முன் சாரம் கட்டி வண்ணம் தீட்டுவார்கள் அல்லவா? அப்போது மேலே ஏறிப் பக்கத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், துவாரபாலகரின் புருவம் விரல் தடிமனுக்குக் கறுப்பாக இருக்கும். கன்னத்தின் மேட்டில் பளிச்சென்று ஒரு வெளிறிய பூச்சு. பக்கத்தில் பார்த்தால் முரட்டுத்தனம், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் உயிர்ப்பு. ஸ்தபதிக்குத் தூரம் என்னவோ அதுதான் நமக்குச் சிறிய அளவு. கொஞ்சம் மிகையாக அடித்தால்தான் சரியாகத் தெரியும். பொம்மையைச் செதுக்குகிறவர்களும் இதே மிகையைச் செய்கிறார்கள்: தலை, கை, வாள் எல்லாம் உடம்புக்குப் பொருந்தாமல் சற்றுப் பெரிதாக இருக்கும்.

அடிப்பூச்சும் நம்மூர் வானிலையும்

பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாகச் சாயம் அடித்தால் நகம் பட்டாலே உரியும். பிடித்துக்கொள்ள பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும். ஸ்ப்ரே டின்னாகக் கிடைக்கும். இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி விசிறி விசிறி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் முகம் மெழுகிவிடும்.

குளிர் நாட்டுக்காரர்கள் போடும் காணொளிகளில் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் ஸ்ப்ரே துளிகள் சரியாகப் படியாமல், பொம்மையின் மேல் நறநறவென்று தூசி படிந்ததுபோல் உட்காரும். அதை மறைக்க எத்தனை பூச்சு அடித்தாலும் அடியில் தெரியும். நம்மூரில் விடியற்காலையில்தான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் கிளம்பும் நேரம் அது, பனி இலையிலிருந்து சொட்டும். வெயில் ஏற ஏறக் குறைந்து, பிற்பகல் தொடக்கத்தில் மிகக் குறைவாகும். பிறகு மேகம் கூடி மாலை மழை. ஆகவே பதினொரு மணிக்கு மேல், மழை மேகம் ஏறுவதற்கு முன், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். மழை பெய்த நாளில் பால்வெட்டும் இல்லை, ஸ்ப்ரேயும் இல்லை. அவசரம் என்றால் பிரஷால் பூசும் பிரைமர் வாங்கிக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால் நம் ஊருக்கு அதுதான் பொருத்தம். ஸ்ப்ரே டின்னைவிட மெதுவான வேலை, ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அடுத்தது அடிப்படை நிறங்கள். இதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம். வயேஹோ, சிட்டடல், ஆர்மி பெயின்ட்டர் என்று பல கம்பெனிகள். பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்துப் பூசாதீர்கள், தட்டில் ஊற்றித் தண்ணீர் கலக்க வேண்டும். இரண்டு சொட்டுச் சாயத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்று தொடங்குங்கள். தட்டைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும், பூசியதும் அடியிலுள்ள செதுக்கல் மறையக் கூடாது. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், காய்ந்ததும் இரண்டாவது பூச்சு அதைச் சரிசெய்யும். ஒரே தடித்த பூச்சில் முடிக்க நினைத்தால் கண், மூக்கு, சங்கிலி எல்லாம் மூழ்கிவிடும்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் தட்டிலேயே சாயம் காய்ந்துவிடும். அதற்கு ஈரத்தட்டு: மூடியுள்ள உணவு டப்பாவில் சமையலறை தீசை நனைத்து விரித்து, அதன் மேல் கேக் பேக் செய்யும் தாள். அந்தத் தாளில் சாயம் பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். நம் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் தீசில் பூஞ்சை பிடிக்கும், நாறும், மாற்றிவிடுங்கள். சிலர் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். வீட்டில் அம்மா சம்மதித்தால் வைக்கலாம்.

கன்டாம் என்ற ஜப்பானிய ரோபோ மாடல் விற்கும் பொம்மைக்கடைகள் ஈப்போவில் உண்டு. பிளாஸ்டிக் வெட்டும் கட்டர், அரம், பசை எல்லாம் அங்கே நன்றாகக் கிடைக்கும். சாயத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். டமியா அக்ரிலிக் பாட்டில் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அதில் ஆல்கஹால் இருக்கிறது. காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் ஏர்பிரஷுக்கு அருமை. பிரஷால் இரண்டாவது பூச்சு போடும்போது கீழே உள்ளது கரைந்து எழும்பிவிடும், புதியவருக்குத் தலைவலி.

இப்போதுதான் நிழல். வாஷ் என்று ஒரு நீர்த்த சாயம் விற்கிறார்கள். பொம்மை முழுக்கப் பூசினால் அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். சட்டை மடிப்பு, விரல் இடுக்கு, கண்குழி எல்லாம் தானாக இருளும். முதன்முதலில் செய்து பார்க்கிறவர் வாயைப் பிளக்கும் இடம் இதுதான். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் போய் ஆள் வந்துவிடுவான். கவனிக்க வேண்டியது ஒன்று. சமதளத்தில் தேங்கிக் காய்ந்தால் ஓரத்தில் கறை வளையம் விழும். ஈரம் இருக்கும்போதே பிரஷைத் துடைத்துவிட்டு அந்தக் குட்டையைத் தொட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நம் ஈரக் காற்றில் வாஷ் காய அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், இடையில் தொட்டால் பிசிறும். எல்லாவற்றுக்கும் கறுப்பு வாஷ் போடும் பழக்கத்தையும் விடுங்கள். சிவப்புத் துணிக்கு ஊதா கலந்த பழுப்பு, மஞ்சளுக்குச் செம்பழுப்பு, இரும்புக்குக் கறுப்பு. 2019இல் சிட்டடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் சாயம் அடிநிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தருகிறது. வெளிறிய பிரைமரின் மேல்தான் வேலை செய்யும். விலை கொஞ்சம் கூடுதல். சோம்பேறிகளுக்கும் நாற்பது எலும்புக்கூடு வைத்திருப்பவர்களுக்கும் வரப்பிரசாதம்.

நிழலுக்கு மறுபுறம் வெளிச்சம். பழைய தடித்த பிரஷில் வெளிறிய சாயத்தைத் தொட்டு, தீசில் தேய்த்து ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். காய்ந்துபோன மாதிரி இருக்கும் அந்தப் பிரஷைப் பொம்மையின் மேல் லேசாக வீசினால், மயிர், கவசத்தின் விளிம்பு, செதில் என்று தூக்கி நிற்பவை மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரைபிரஷ் என்பது இதுதான். முகப் பவுடர் பூசும் பிரஷ் இதற்கு வாங்கி வைத்த மாதிரி இருக்கும். அக்கா தங்கையிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெட்டியில் வரும் வழிகாட்டி பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கானது. நம்மைப் போன்ற தோலைத் தீட்ட, சிவப்பு கலந்த கரும்பழுப்பை அடியில் போட்டு, செம்பழுப்பு வாஷ் ஓட்டி, மேட்டில் காவி அல்லது ஆரஞ்சு கலந்த பழுப்பு ஏற்றுங்கள். வெளிச்சம் வேண்டுமென்று வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசியதுபோல் செத்துப்போகும். உங்கள் புறங்கையையே விளக்கடியில் வைத்துப் பாருங்கள், முட்டி எலும்பின் மேல் விழும் நிறம் என்னவென்று தெரியும். தாடிக்காரக் குள்ளர்களின் படையே இந்த நிறத்தில் இருந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

கண்? முதல் பத்து பொம்மைக்குக் கண்ணைத் தொடாதீர்கள். கோயிலில் கண் திறப்பது கடைசியில். இங்கே கண் வரைகிறவர்களில் பலர் அதைத்தான் முதலில் செய்வார்கள், பிசகினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் மூடித் திருத்திக்கொள்ளலாம் என்று. கண்குழியில் வாஷ் இறங்கிக் கறுத்திருந்தாலே கை நீட்டும் தூரத்தில் பார்வை இருப்பதாகத் தோன்றும்.

களத்துக்குப் பாடம் வாசலில் இருக்கிறது

களம் செய்வது பொம்மையைவிடச் சுலபம், செலவும் குறைவு. டிவி, வாஷிங் மெஷின் பெட்டிக்குள் வரும் வெள்ளை போலிஸ்டிரின் எங்கும் கிடைக்கும். ஆனால் வெட்டினால் குருணை குருணையாக உதிரும். அதன் மேல் சுவர் ஓட்டை அடைக்கும் புட்டியைப் பூசி மறைக்க வேண்டும். கட்டடத்தில் வெப்பம் தடுக்கப் பயன்படும் அடர்த்தியான நுரைப் பலகை கிடைத்தால் அதுவே சிறந்தது. கத்திக்குச் சீராக வெட்டுப்படும், பேனா முனையால் அழுத்தினால் செங்கல் கோடு விழும். கசக்கிய அலுமினியத் தாளை உருண்டையாக்கி அதன் மேல் உருட்டி அழுத்துங்கள். கல்லின் சொரசொரப்பு அப்படியே பதியும்.

இரண்டு வகை நுரையும் ஸ்ப்ரேயைக் கண்டால் உருகிவிடும். டின்னில் உள்ள கரைப்பான் அதைத் தின்றுவிடுகிறது. எனவே முதலில் வெள்ளைப் பசையில் கறுப்புச் சாயம் கலந்து, இடைவெளி விடாமல் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். அதுவே அடிப்பூச்சு, அதுவே கவசம், அதுவே பள்ளத்து இருட்டு. சூடான கம்பியால் நுரை வெட்டுகிறவர்கள் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

பாறைக்கு என்ன நிறம்? சாம்பல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது ஒரு நிமிடம் நின்று அந்தச் சுண்ணாம்புப் பாறையைப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் வழியெல்லாம் கறுப்புக் கோடு. உடைந்து புதிதாகத் தெரியும் இடம் பழுப்பு வெள்ளை. சில இடத்தில் துருப்பிடித்த ஆரஞ்சு. வெடிப்பில் மட்டும் செடி, மொட்டைப் பரப்பில் ஒன்றுமில்லை. இதை அப்படியே செய்யலாம்: கறுப்பு அடி, கருஞ்சாம்பல் டிரைபிரஷ், அதைவிட வெளிறிய சாம்பல், கடைசியில் விளிம்பில் மட்டும் மங்கிய வெள்ளை. பிறகு அங்கங்கே காவியும் பச்சையும் நீர்த்த வாஷாக ஓட விடுங்கள், மேலிருந்து கீழாக.

இன்னும் இடிக்காமல் நிற்கும் பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, பக்கத்தில் இருந்தால் அது ஒரு பெரிய பள்ளிக்கூடம். கூரை விளிம்பிலிருந்து மழை விழுந்து மண்ணைத் தெறிக்கும் இடத்தில், சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குச் செம்மண் கறை இருக்கும். கீழே அடர்த்தி, மேலே போகப் போகப் புள்ளி புள்ளியாக. தகரத்தில் ஆணி அடித்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் துரு கோடாக இறங்கும். ஜன்னல் விளிம்பின் இரு மூலையிலிருந்தும் பாசி வழியும், நடுவில் வழியாது. நம் அளவில் அந்த ஓரடி அரை சென்டிமீட்டர். பஞ்சைக் கிள்ளிச் செம்பழுப்பில் தொட்டு, சுவரின் அடியில் அரை சென்டிமீட்டருக்கு ஒற்றி எடுங்கள். அரக்கர் ஊரின் இடிந்த மதிலுக்கும் இதே கறைதான், மழை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விழுகிறது. கூரைத் தகரத்துக்கு அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும். பெரிய பெட்டியின் வரி இந்த அளவுக்கு முரடு. பீட்சா வரும் மெல்லிய அட்டை பரவாயில்லை.

அளவில் மட்டும் கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு கணக்கை மீறுங்கள். இரண்டு மீட்டர் கதவு நம் அளவில் ஏறக்குறைய 3.3 சென்டிமீட்டர். பொம்மை ஒரு வட்டத் தட்டின் மேல் நிற்பதால் நான்காக வைத்தால்தான் நுழைவான் என்று தோன்றும். மரம் அதற்கு நேரெதிர். 20 மீட்டர் பால்மரத்தை நியாயமாகச் செய்தால் 33 சென்டிமீட்டர் வரும், மேசையில் கை நீட்டவே முடியாது. எல்லாரும் பதினைந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். சலித்த ஆற்று மணலை வெள்ளைப் பசையின் மேல் தூவினால் தரை. காய்ந்த தேயிலைச் சக்கை காட்டுத் தரையின் சருகு. தேங்காய் நார் உலர்ந்த புல். செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்துப் போடும் காலிக் குலை இருக்கிறதே, அதன் ஒரு கிளையை உடைத்து நிறுத்திப் பாருங்கள். முள்ளும் முறுக்குமாக எந்தக் கம்பெனியும் செய்து விற்க முடியாத மாயக் காடு. ஒரு நிபந்தனை: இயற்கைப் பொருள் எதையும் நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்துக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சையும் கறையானும் உங்கள் களத்தில் தனியாகப் போர் நடத்தும். தரைக்கு எந்த மண் போட்டீர்களோ அதையே பொம்மையின் வட்டத் தட்டிலும் போடுங்கள், அப்போதுதான் அவன் அந்த ஊர்க்காரனாகத் தெரிவான்.

எவ்வளவு செலவாகும்? பெரிய கம்பெனியின் பெட்டி ஒன்று நூறு, இருநூறு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். முழுப் படை வாங்க வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து பேர் மோதும் சிறு விளையாட்டுகள் உண்டு. ஒன் பேஜ் ரூல்ஸ் போன்றோர் இலவசமாகவே விதி தருகிறார்கள், எந்தக் கம்பெனிப் பொம்மையும் செல்லும். சாயத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பழுப்பு, ஓர் இரும்பு நிறம், பழுப்பு வாஷ் ஒன்று. செயற்கை மயிர்ப் பிரஷ் நடுத்தரத்தில் ஒன்று, சின்னதில் ஒன்று. மிஸ்டர் டிஐஒய் கடைப் பிரஷ் டிரைபிரஷுக்குத் தாராளம். கடினப் பிளாஸ்டிக்கை ஒட்ட, பிளாஸ்டிக்கை இளக்கிச் சேர்க்கும் மாடல் பசை வாங்குங்கள். உலோகம், ரெசின் என்றால் காம் காஜா, அதாவது சூப்பர் குளூ. 3டி பிரிண்டரில் ரெசினில் அச்சடிக்கும் நண்பர் இருந்தால் செலவு இன்னும் குறையும். முழுதாகக் கெட்டியாகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், தோலுக்கு ஆகாது.

முடித்ததும் மேலே மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத வார்னிஷ், ஒரு பூச்சு, கை பட்டுச் சாயம் தேயாமலிருக்க. ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக் காற்றில் வெள்ளையாகப் பனித்துப்போகும், பல நாள் உழைப்பின் மேல் அதை அடித்துப் பார்க்க மனசு வராது. பிரஷால் பூசும் வகையே போதும். பத்திரப்படுத்த, வட்டத் தட்டின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டி பிஸ்கட் டின்னுக்குள் நிறுத்துங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் விழ மாட்டார்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. மூடியின் மேல் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு போட டின் தேடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.